97 கிலோ பின்களப் பொடியன் குத்துச்சண்டைக்குப் போகலாமா?

கழகச் செயலாளர், திருகோணமலை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட உதைபந்தாட்டக் கழகத்தில நடுப்பின்களத்தில ஆடுற பொடியன் ஒருத்தன் இருக்கிறான். வயது 20, உயரம் 188 சென்ரிமீற்றர், எடை 97 கிலோ. தொப்பை இல்லை, எலும்பே பெருசு. கிழமையில மூண்டு பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்தில பயிற்சிக்கு வாறவன், ஒரு நாள் தவறினதில்லை.

அமெரிக்காவில தொழில்முறையாப் பந்து விளையாடின ஒருத்தர் ஒரு வருசம் அதை விட்டிட்டு ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்குப் போனவராம், ஆறு சண்டையும் வெண்டு போட்டுத் திரும்ப வந்து விளையாடினவராம் எண்டு எங்கயோ வாசிச்சிருக்கிறான். அதில இருந்து அதே நினைப்பு. கழகத்தை விடவும் விருப்பமில்லை, குத்துச்சண்டையையும் பார்க்க வேணும் எண்டுறான்.

அந்த அமெரிக்கக் கதை எவ்வளவு உண்மை? இரண்டையும் ஒரே நேரத்தில செய்யலாமா? 97 கிலோ எந்தப் பிரிவில வரும்? முதல் மூண்டு மாசம் என்ன செய்ய வேணும், எப்ப முதல் சண்டைக்கு விடலாம்? தலையில அடிபடும் எண்டு தாய் பயப்படுறா, அவவுக்கு நேர்மையா ஒரு பதில் சொல்ல வேணும். விசயம் தெரிஞ்ச ஆக்கள் விவரமா எழுதுங்கோ.

---

உவர்மலையான்:

கதை உண்மைதான். ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அந்த ‘ஃபுட்போல்’ நாங்கள் ஏகாம்பரத்தில் ஆடும் உதைபந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டு முட்டி மோதும் அமெரிக்கக் காற்பந்து.

நீங்கள் சொல்பவர் எட் ‘டூ டோல்’ ஜோன்ஸ். உயரம் 6 அடி 9 அங்குலம். 1974இல் என்.எப்.எல். என்ற அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்கின் அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது முதலாவது பெயரே அவருடையது. எடுத்தது டாலஸ் கவ்போய்ஸ். 1978 பருவம் முடிந்ததும் அணியை விட்டார். 1979 நவம்பர் 3ஆம் திகதி நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் குரூசெஸ் நகரில் முதல் சண்டை, கடைசிச் சண்டை 1980 ஜனவரியில். அந்த மூன்று மாதத்துக்குள் 6 சண்டை, 6 வெற்றி, அதில் 5 நொக்கவுட். பிறகு கவ்போய்ஸுக்குத் திரும்பி 1989 வரை ஆடினார். திரும்பி வந்த பிறகுதான் 1981, 82, 83 மூன்று வருடமும் நட்சத்திர வீரர்களுக்கான புரோ போல் ஆட்டத்துக்குத் தெரிவானார். மொத்தம் 15 பருவம், 224 ஆட்டம்.

தம்பிக்கு நீங்கள் விளங்கப்படுத்த வேண்டியது அந்த முதல் சண்டையை. எதிராளி மெக்சிகோவின் யாக்கி மெனெசெஸ். ஆறு சுற்றும் போய், நடுவர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பில்தான் ஜோன்ஸ் தப்பினார். அமெரிக்கக் காற்பந்தில் ஒரு மோதல் ஐந்தாறு செக்கனில் முடிந்துவிடும், அடுத்ததற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஓய்வு. தடுப்பாட்டக்காரருக்கு அணி தாக்கும் நேரம் முழுவதும் வாங்கில் இருக்கை. அப்படிப் பழகிய உடம்பை மூன்று நிமிடச் சுற்றுக்குள் விட்டால் உயரமும் கை நீளமும் பாதி வேலைதான் செய்யும். மற்ற ஐந்து பேரும் பெயர் பெற்றவர்கள் இல்லை. ஆகவே ஆறுக்கு ஆறு என்பதைப் பெரிதாக எடுக்கக்கூடாது.

எனக்கு ஜோன்ஸை விட சார்லி பவல்தான் பெரிய ஆள். கல்லூரிக் காற்பந்து ஆடாமலே 1952இல் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸுக்குள் வந்தவர். 1957 வரை அங்கே, நடுவில் 1954 மட்டும் ஆடவில்லை. பிறகு 1960, 61இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ். 1953 தொடக்கம் பருவத்துக்குப் பருவம் மாறி மாறிக் குத்துச்சண்டையும் செய்தார். 1959இல் தரவரிசையில் மேலே நின்ற கியூபாவின் நீனோ வால்டெஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். உண்மையான ஹெவிவெயிட் ஒருவரை வீழ்த்திய காற்பந்து வீரர் என்றால் அவர்தான். ஆனால் 1963 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் காசியஸ் கிளே, அதாவது பிறகு முகம்மது அலி, அவரை மூன்றாம் சுற்றில் முடித்தார். 1964இல் ஃபிளொய்ட் பற்றர்சன் ஆறாம் சுற்றில். இரண்டையும் மாறி மாறிச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டி வரும் என்பதற்கு பவலின் கணக்கை விட நல்ல கணக்கு இல்லை.

மூன்றாவது ஒருவர் அலொன்சோ ஹைஸ்மித். 1987 தெரிவில் மூன்றாவது இடம், ஹூஸ்டன் ஒய்லர்ஸ். முழங்கால் கெட்டு விளையாட்டை முற்றாக விட்ட பிறகே ரிங்குக்கு வந்தார். 27 வெற்றி, 1 தோல்வி, 2 சமநிலை. நியூயோர்க் ஜெட்ஸில் 1984 பருவத்தில் 22 தடவை எதிரணியின் குவாட்டர்பெக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, வீழ்த்திச் சாதனை வைத்த மார்க் காஸ்டினோவும் பிறகு குத்துச்சண்டைக்கு வந்தவர். 1996இல் ஜப்பானில் அவரைத் தோற்கடித்தவர் இதே ஹைஸ்மித். இவர்கள் இருவருக்கும் அது அடுத்த தொழில். இரண்டு வண்டியில் கால் வைக்கவில்லை.

---

வேம்படி 10:

உவர்மலை அண்ணா சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். எங்கட உதைபந்தில இருந்து போய்ச் சாதிச்ச ஆளும் இருக்கு: இங்கிலாந்தின் கேர்ட்டிஸ் வூட்ஹவுஸ். ஷெஃபீல்ட் யுனைட்டட், பேர்மிங்ஹாம் சிற்றி நடுக்களம், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்ட அணியிலயும் ஆடினவர். 2006இல 26 வயதில தொழில்முறைப் பந்தை விட்டிட்டுக் குத்துச்சண்டை தொடங்கி, 2014 பெப்ரவரியில டெரன் ஹமில்டனை வெண்டு பிரித்தானியப் பட்டம் எடுத்தார். எட்டு வருசம் பிடிச்சிருக்கு, அதைக் கவனிக்கோணும். எடையும் 63.5 கிலோப் பிரிவு, ஹெவிவெயிட் இல்லை.

மறுபக்கம் ரியோ ஃபேர்டினண்ட். உங்கட பொடியனைப் போல நடுப்பின்களம், உயரமான ஆள். 2017இல 38 வயதில குத்துச்சண்டைக்கு வாறன் எண்டு அறிவிச்சார். அடுத்த வருசம் பிரித்தானியக் கட்டுப்பாட்டுச் சபை அனுமதிப்பத்திரம் குடுக்கேல்லை, அதோட சரி.

20 வயது பிந்திப் போச்சே எண்டு மட்டும் தம்பி யோசிக்கத் தேவையில்லை. அன்ரனி ஜோசுவா 18 வயதில தொடங்கி 2012 லண்டன் ஒலிம்பிக்கில 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில தங்கம். டியொன்ரே வைல்டர் 20 வயதில தொடங்கி 2008 பெய்ஜிங்கில வெண்கலம். பெரிய எடையில பிந்தித் தொடங்கினவை மேல வாறது நடக்கும். 51 கிலோவில அப்பிடி நடக்காது, அங்க நிக்கிறவை பத்து வயதில இருந்து குத்தினவை.

---

மூன்றாம் ரவுண்ட்:

செயலாளர் அண்ணா, பயிற்சி விசயத்தை நான் எழுதுறன். கொஞ்சம் நீளும்.

முதல்ல எடை. பாரிஸ் 2024இல ஆண்களுக்கு 92 வரை ஒரு பிரிவு, 92க்கு மேல ஒரு பிரிவு. வேர்ல்ட் பொக்சிங் எண்ட சர்வதேசக் குத்துச்சண்டை அமைப்பின்ர புதுப் பட்டியலில 90 வரை, 90க்கு மேல. எந்தப் பட்டியலைப் பிடிச்சாலும் 97 கிலோ கடைசிப் பிரிவுக்குள்ள விழும். அதுக்கு மேல்வரம்பு கிடையாது. 97 கிலோப் பொடியனுக்கு எதிரில 120 கிலோ ஆள் வந்து நிக்கலாம், ஒருத்தரும் ஆட்சேபிக்க ஏலாது. தொழில்முறையில 200 இறாத்தல், அதாவது 90.7 கிலோ தாண்டினால் ஹெவிவெயிட். போட்டிக்குப் பெயர் குடுக்க முதல் எந்தப் பட்டியலில நடத்தினம் எண்டு ஏற்பாட்டாளரிட்டக் கேட்டு எழுதி வையுங்கோ. தொப்பை இல்லை எண்டு நீங்களே சொல்லுறியள், அப்ப 92க்கு இறக்கிற யோசனையே வேண்டாம்.

உதைபந்துக்காரன் குத்துச்சண்டைக்கு வரேக்க கொண்டு வாறதில நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. நடுப்பின்களக்காரன் எதிராளியைப் பார்த்தபடி பின்னுக்கும் பக்கவாட்டிலும் நகரப் பழகினவன், அது பெரிய சொத்து. பந்தை உதைக்கேக்க இடுப்பைத் திருப்புற மாதிரித்தான் பின்கைக் குத்துக்கும் இடுப்பு திரும்பும், அதையும் கெதியில பிடிப்பான்.

கெடுக்கிற பழக்கம் நாலு. ஓடேக்க கை இடுப்பளவில ஆடும், அதால காவல் கை நாடியை விட்டு இறங்கும். திரும்பேக்க கால் ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்க போகும், அந்த நேரம் தோளில ஒரு தட்டுப் பட்டாலே விழுவான். கண் பந்தைத் தேடிக் கீழ போய்ப் பழகினது, இங்க எதிராளியின்ர நெஞ்சில நிக்க வேணும். நாலாவதுதான் மோசம்: தலையால அடிக்கிற பழக்கம். நெருங்கின உடன நெத்தி முன்னுக்குப் போகும். தலையால முட்டினால் மத்தியஸ்தர் எச்சரிப்பார், மூண்டாவது எச்சரிக்கையோட ஆள் வெளிய. இல்லாட்டி முன் முழங்காலைத் தாண்டிக் குனிஞ்ச தலைக்கு அப்பர்கட், அதாவது கீழ இருந்து மேல வாற குத்து, வந்து ஏறும்.

முதல் மூண்டு கிழமை பையில முழு வேகத்தில குத்த விடாதேங்கோ. இதில பிழைச்சுத்தான் பெரிய உடம்புக்காரர் கனபேர் முதல் மாசத்திலயே மணிக்கட்டுப் போய் நிக்கிறது. 97 கிலோவைத் தள்ளுற கால் பத்து வருசம் பழகினது, அந்தப் பாரத்தைத் தாங்குற மணிக்கட்டு ஒரு நாளும் பழகாதது. ஹூக், அதாவது பக்கவாட்டுக் குத்து, போடேக்க மணிக்கட்டு மடியும். பலமில்லாமப் பொத்தின கையின்ர சின்னவிரல் முட்டு முதல்ல பட்டால் அதுக்குப் பின்னால இருக்கிற எலும்பு முறியும். ஆள்காட்டி, நடுவிரல் இந்த இரண்டு முட்டும்தான் பையில பட வேணும்.

அதால முதல் பாடம் பேண்டேஜ் சுத்துறது. 4.5 மீற்றர் நீளம் வாங்குங்கோ, 2.5 மீற்றர் இந்தக் கைக்குக் காணாது. விரலை நல்லா விரிச்சுப் பிடிக்கச் சொல்லி, வளையத்தைப் பெருவிரலில மாட்டி, புறங்கைப் பக்கத்தால மணிக்கட்டுக்குக் கொண்டு போய் மூண்டு சுத்து. அங்க இருந்து விரல் முட்டுக்கு ஏத்தி மூண்டு சுத்து. பிறகு சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையால ஒருக்கா, மோதிரம் நடுவிரல் இடையால ஒருக்கா, நடு ஆள்காட்டி இடையால ஒருக்கா, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுக்குத் திரும்பி வர வேணும். பெருவிரல் அடியில ஒரு சுத்து, முட்டில இன்னும் இரண்டு, மிச்சம் முழுக்க மணிக்கட்டில. முடிஞ்ச உடன கையைப் பொத்தச் சொல்லுங்கோ. பொத்தேக்க இறுகி, விரிக்கேக்க இளகினால் சரி. விரிச்ச கையிலயே நகம் நீலமாகுது எண்டால் இறுக்கம் கூட, அவிழ்த்துத் திரும்பச் சுத்த வேணும். விரலை ஒட்டி வைச்சுக்கொண்டு சுத்தினால் இந்தப் பிழை வரும்.

ஒரு நாள் பயிற்சி 75 நிமிசம் போதும். கயிறடி மூண்டு சுற்று, ஒவ்வொண்டும் 3 நிமிசம், இடையில 1 நிமிசம் ஓய்வு. நிலத்தில சோக்கால ஒரு நேர்கோடு கீறி, இடக்கால் கோட்டுக்கு ஒரு பக்கம், வலக்கால் மற்றப் பக்கம், தோளகல இடைவெளி. முன்னுக்குப் போகேக்க முன்கால் முதல், பின்னுக்கு வரேக்க பின்கால் முதல். கோட்டை ஒரு காலும் தாண்டக்கூடாது. இதை 4 சுற்று, நாடிக்குக் கீழ ஒரு ரெனிஸ் பந்தை இடுக்கி வைச்சுக்கொண்டு, ஜாப், அதாவது முன்கை நேர்க்குத்து, மட்டும் போட்டபடி. பந்து விழுந்தால் நாடி தூக்கினவன் எண்டு அர்த்தம். குத்தேக்க மூச்சை அடக்குவான், ‘ஸ்’ எண்டு வெளிய விடப் பழக்குங்கோ. மூச்சு அடக்கினால் ஒண்டரை நிமிசத்தில தோள் ஈயமாகிப் போகும்.

நாலாம் கிழமையில இருந்து பை, அரை வேகத்தில 2 நிமிசச் சுற்று நாலு. ஜாப், பின்கை நேர்க்குத்து இரண்டும் ஒழுங்கா வந்தாப் பிறகு ஆறாம் கிழமையில ஹூக். பத்தாம் கிழமை அளவில ஸ்பாரிங், அதாவது ஆளோட ஆள் பயிற்சிச் சண்டை, அதுவும் முதல்ல ஜாப் மட்டும், பிறகு உடம்புக்கு மட்டும். 16 அவுன்ஸ் கிளவுஸ் இல்லாம ஸ்பாரிங் இல்லை. போட்டியில இந்த எடைக்கு 12 அவுன்ஸ் வரும், தொழில்முறையில 10. எங்கட பக்கத்தில இவன்ர எடைக்குச் சோடி கிடைக்கிறது கஷ்டம். 75 கிலோக்காரனோட விட்டால் இவன் தடுக்கிறதும் ஜாப்பும் மட்டும், மற்றவன் முழுசா அடிக்கலாம் எண்டு முதலே சொல்லி வையுங்கோ. இரண்டு பேருக்கும் அதில பாடம் இருக்கு.

மூச்சுக்கு வருவம். பந்து ஆட்டத்தில 90 நிமிசத்தில ஒரு பின்களக்காரன் ஒன்பது பத்துக் கிலோமீற்றர் போவான், ஆனால் பாதிக்கு மேல நடையும் மெல்லோட்டமும். அமெச்சூர்ச் சண்டை 3 நிமிசப்படி 3 சுற்று, மொத்தம் 9 நிமிசம், நடை எண்டே ஒண்டு இல்லை. நீள ஓட்டத்தைக் கூட்டினால் இது வராது. கிழமைக்கு ஒருநாள் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறுற றோட்டில 30 செக்கன் ஏத்த ஓட்டம், நடந்து இறங்கிற நேரம் ஓய்வு, 8 தரம். பூசைக்குச் சனம் வர முதல், விடியக் காலமை முடிச்சுப்போட வேணும், மானும் றோட்டில நிக்கும். உப்புவெளி மணலில ஓடுறதெண்டால் மெல்லிய மணலில முதல் நாளே அரை மணித்தியாலம் விடாதேங்கோ, குதிநரம்பு பிடிக்கும், 10 நிமிசத்தில தொடங்குங்கோ. ஈர மணல் கடல் பக்கம் சரிஞ்சது. போன அளவு தூரம் திரும்பி ஓடாட்டி ஒரு கணுக்கால் மட்டும் நோகும்.

இரண்டையும் ஒண்டாச் செய்யலாமா எண்டு கேட்டியள். பயிற்சி செய்யலாம், போட்டி போட ஏலாது. லீக் நடக்கேக்க கிழமைக்கு இரண்டு நாள் குத்துச்சண்டை, ஸ்பாரிங் இல்லை. லீக் முடிஞ்ச உடன நாலு நாளாக்குங்கோ, ஸ்பாரிங்கும் அப்பதான். முதல் சண்டை எட்டு மாசத்துக்கு முதல் வேண்டாம். இவன்ர எடையில ஒரு குத்துக் காணும், பிழை செய்து பழக இடம் குடுக்காத பிரிவு இது.

---

திருமலைத் தாதி:

அம்மாவின் கேள்விக்கு நான் எழுதுகிறேன். அவரது பயம் நியாயமானது, அதை ‘ஒன்றும் ஆகாது’ என்று மழுப்பக்கூடாது.

குத்துச்சண்டைக்காரரின் மூளைப் பாதிப்பை 1928இலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். அமெரிக்கக் காற்பந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்.எப்.எல். அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 2016 ஆனது. உவர்மலை அண்ணா சொன்ன சார்லி பவல் இரண்டிலும் தலை கொடுத்தவர். 2014இல் 82 வயதில் காலமானார், கடைசி வருடங்களில் மறதி நோயோடுதான் இருந்தார். ஒருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஆனால் தலையில் படும் அடிகள் கூடக் கூட ஆபத்து கூடும் என்பது தெரிந்த விடயம். மயங்கி விழ வைக்காத சிறு அடிகளும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே அம்மாவிடம் சொல்ல வேண்டியது, அந்த எண்ணிக்கையை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013இல் இருந்து சர்வதேச மூத்த ஆண்கள் போட்டிகளில் அது இல்லை. உண்மையான பாதுகாப்பு குறைந்த ஸ்பாரிங். கிழமைக்கு ஒரு நாள், மூன்று சுற்று போதும். தலையால் பந்தடிக்கும் பயிற்சியும் ஸ்பாரிங்கும் ஒரே நாளில் வைக்கவே கூடாது. செயலாளர், இது உங்கள் கையில் உள்ளது. கோர்ணர் உதைப் பயிற்சியில் நடுப்பின்களக்காரன்தான் அதிகம் தலையால் அடிப்பான்.

கழுத்துப் பலமும் உதவும். உள்ளங்கையை நெற்றியில் வைத்து 10 செக்கன் எதிர்த்து அழுத்துவது, பிறகு பின்மண்டை, இரண்டு பக்கம். ஒவ்வொன்றும் 5 தடவை, கிழமையில் 3 நாள். தலையை நிலத்தில் ஊன்றி உருட்டும் பயிற்சி வேண்டாம், 97 கிலோ கழுத்தெலும்பில் இறங்கும்.

அடிபட்ட பிறகு தலையிடி, சத்தி, வெளிச்சம் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், தள்ளாட்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. நித்திரை தூங்கிக்கொண்டே போனால், ஒரு கண்மணி பெரிதாக இருந்தால், சத்தி நிற்காவிட்டால் உடனே பெரியாஸ்பத்திரி. வீட்டில் படுக்க வைத்துப் பார்ப்போம் என்பது வேண்டாம். தலையடியால் சண்டை நிறுத்தப்பட்டால் ஆகக் குறைந்தது 30 நாள் ரிங் இல்லை, ஸ்பாரிங்கும் இல்லை. அந்த 30 நாளில் ‘பந்து மட்டும் ஆடட்டும்’ என்று களத்தில் இறக்கிவிடாதீர்கள். இரண்டு விளையாட்டு விளையாடுபவனுக்கு இந்த ஓட்டைதான் ஆபத்து: ஒரு பயிற்றுவிப்பாளருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரே கொப்பியில் இருவரும் எழுதுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். கச்சான் காத்து வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் போனது என்று ஆளுக்கே தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடுப்பைக் கழற்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லீற்றர், அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, கொஞ்சம் உப்போடு. எடை குறைக்கப் பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடும் வேலை இந்த ஊர் வெயிலில் ஆளைக் கொல்லும்.

கடைகளில் விற்கும் தூள்களிலும் கவனம். 2010 தில்லி பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம் நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துக்கான பரிசோதனையில் பறிபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் எடுத்த தங்கத்துக்குப் பிறகு இவ்வளவு காலம் காத்திருந்து வந்த பதக்கம் அது. அதைப் பறிகொடுத்தது இன்றைக்கும் நோகிறது. பால், முட்டை, மீன், பயறு போதும். திருகோணமலையில் மீனுக்குப் பஞ்சமா?

---

கழகச் செயலாளர், திருகோணமலை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. தாதி அக்கா எழுதினதை அப்பிடியே தாய்க்கு வாசிச்சுக் காட்டப் போறன்.

இன்னும் இரண்டு கேள்வி. பொடியன் இடக்காலால உதைக்கிறவன், ஆனால் எழுதுறது சாப்பிடுறது வலக்கையால. அவன் எந்தப் பக்கம் நிக்க வேணும்? மற்றது, பை வாங்க இப்ப கழகத்தில காசில்லை. மைதான மூலையில வேப்பமரம் ஒண்டு நிக்குது, சாக்கில மண் நிரப்பித் தூக்கலாமா?

---

மூன்றாம் ரவுண்ட்:

வலக்கை பின்னுக்கு, இடக்கால் முன்னுக்கு, வழமையான நிலை. எந்தக் காலால உதைக்கிறான் எண்டதை விட எந்தக் காலில ஊண்டி நிக்கிறான் எண்டதுதான் இங்க முக்கியம். இடக்காலால உதைக்கிறவன் இத்தனை வருசமும் முழுப் பாரத்தையும் வலக்காலில ஏத்தித்தான் உதைச்சிருக்கிறான். குத்துச்சண்டையில பின்கால்தான் நிலத்தைத் தள்ளுறது, அது வலக்காலா வாறது அவனுக்கு வாய்ப்புத்தான். ஒரு நாள் இரண்டு நிலையிலும் பத்துப் பத்து நிமிசம் நிழற்குத்துக் குத்த விட்டுப் பாருங்கோ, எதில முன்கை தானாத் தூக்கி நிக்குதோ அதை வைச்சுக்கொள்ளுங்கோ. பிறகு மாத்தக் கூடாது.

மண் மட்டும் நிரப்பாதேங்கோ. இரண்டு நாளில மண் அடியில இறங்கி, கீழ்ப்பாதி கல்லு, மேல்ப்பாதி வெறுஞ்சாக்கு. உடம்புக்குக் குத்திப் பழகேக்க கல்லில கை விழும். பழைய துணி, கிழிஞ்ச மீன்வலை, இது இரண்டும் எங்கட ஊரில தாராளம். வலையைச் சாணளவுத் துண்டா வெட்டித் துணியோட கலந்து, ஒவ்வொரு அடியா நிரப்பி உலக்கையால இடிச்சு இறுக்குங்கோ. நைலோன் வலை பொம்மிக்கொண்டு நிக்கும், துணி மட்டும் போட்டா ஒரு மாசத்தில அமிஞ்சு போகும். ஈயக்குண்டு, மிதவை ஒண்டும் வலையில இல்லாமப் பாத்து எடுங்கோ. பாரம் காணாட்டி இரண்டு மூண்டு கிலோ மண்ணைச் சின்னப் பொலித்தீன் பையில கட்டி, அதைத் துணியில சுத்தி நடுமத்தியில வைக்கலாம், ஓரத்தில வரக்கூடாது. இவன்ர எடைக்குப் பை 45 கிலோவாவது இருக்க வேணும். 25 கிலோப் பை குத்துக்குக் குத்து பறக்கும், அவன் பையைத் துரத்துவான், காலடி முழுக்கக் குழம்பும்.

சாக்கு இரட்டையாப் போட்டு, வெளியால கன்வஸ் துணி தைச்சால் முட்டுத் தோல் உரியாது. மரக்கொம்பில கயிறு படுற இடத்தில பழைய ரயர்த் துண்டை வைச்சுக் கட்டுங்கோ, இல்லாட்டிக் கொம்பும் கயிறும் இரண்டுமே அறுபடும். பையின்ர நடு அவன்ர நெஞ்சுக்கு நேர வர வேணும். மாரிக்கு முதல் அவிழ்த்து உள்ள வைக்காட்டி ஐப்பசி மழையில ஊறி ஒண்டரைப் பங்கு பாரமாகும், நாத்தமும் அடிக்கும்.

பல்லுக்காப்பு மட்டும் கடையில வாங்க வேணும், அதில மிச்சம் பிடிக்காதேங்கோ. சுடுதண்ணியில பெட்டியில போட்டிருக்கிற செக்கன் கணக்குக்கு மட்டும் விட்டு எடுத்து, மேற்பல்லில வைச்சுக் கடிச்சு, உதட்டுக்கு மேலால விரலால அமத்தி, பச்சைத்தண்ணியில போடுங்கோ. வாயைத் திறந்து கதைக்கேக்க விழாம நிண்டால் சரி. அதைப் போட்டுக்கொண்டு கயிறடிச்சு மூக்கால மூச்செடுக்கப் பழக வேணும், ஸ்பாரிங் அண்டைக்கு முதல் தடவையாப் போட்டால் மூச்சு முட்டித் துப்பிப்போடுவான்.

---

உவர்மலையான்:

செயலாளர், மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் தேசிய விளையாட்டு விழாவுக்கான மாகாணத் தெரிவு எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசிப் பிரிவில் ஆட்கள் குறைவாக இருப்பதால், ‘பெயர் மட்டும் கொடு, ஆளை நிரப்பு’ என்று யாராவது இழுக்கப் பார்ப்பார்கள். மேலே போனால் இராணுவம், கடற்படை அணிகளில் நாள் முழுவதும் இதையே செய்பவர்கள் எதிரில் நிற்பார்கள். மூன்றாம் ரவுண்ட் சொன்ன எட்டு மாதம் முடியாமல் எந்தப் பத்திரத்திலும் பொடியனைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். முதலில் புதியவர்களுக்கான போட்டி ஒன்று, அதன் பிறகுதான் மாகாணம்.

---

கழகச் செயலாளர், திருகோணமலை:

சரி அண்ணா. லீக்கில எங்களுக்கு இன்னும் நாலு ஆட்டம் இருக்கு, அதுவரைக்கும் கோடும் கயிறும் ரெனிஸ் பந்தும் மட்டும். வலைத்துண்டு சேர்க்க ஞாயிற்றுக்கிழமை பொடியள் கரைக்குப் போகினம். 4.5 மீற்றர் பேண்டேஜ் ஒரு சோடி காணுமா, இரண்டு வேணுமா?

---

மூன்றாம் ரவுண்ட்:

இரண்டு சோடி. ஒண்டு வியர்வையில ஊறினால் தோய்ச்சுக் காயவிட வேணும். ஈரத்தோட சுத்தினால் இழுபட்டு மணிக்கட்டில பிடி நிக்காது. காய்ஞ்ச உடன பெருவிரல் வளையம் வெளியால வாற மாதிரிச் சுருட்டி வையுங்கோ, அடுத்த நாள் மாட்டேக்க நேரம் மிச்சம்.